நாயை ஆபீஸுக்குக் கூட்டிப்போவது எப்படி: சாக்கிலிருந்து தொடங்குங்கள்

தேனி மாவட்டக் கம்பம் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து கணக்கு எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஏலக்காய் வியாபாரிகளின் ஜிஎஸ்டி வேலைதான் பாதி. 2 வருடமாகச் சனிக்கிழமைகளில் என் நாய் செவலையும் வருகிறது. கோம்பை நாய் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் பக்கம் முகம் கறுத்த செவலை நாயெல்லாம் விற்கிறவர் வாயில் கோம்பைதான். அசல் கோம்பை வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காவலுக்கென்றே வளர்த்த இனம், அந்நியர் வாசலில் கால் வைத்தால் பொறுக்காது.

1. கூட வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள்

முதலாளி தலையாட்டினால் மட்டும் போதாது. எங்கள் டைப்பிங் அக்கா, "தம்பி, அது வந்தா நான் லீவு" என்றுவிட்டார். சின்ன வயதில் நாய் துரத்தி விழுந்தவர். "ஒண்ணும் பண்ணாதுக்கா" என்று சொல்லிப் பயனில்லை. நாய் வளர்க்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம், கடிபட்டவர்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை மட்டும் வரும், கட்டியே கிடக்கும், அவர் மேசைப் பக்கம் வராது என்று பேசி முடித்தோம். இன்றும் அன்றைக்கு மட்டும் நாற்காலியைச் சுவரோரம்தான் போடுகிறார்.

வாசலில் ஒரு பலகையும் வையுங்கள். குமுளி, வண்டன்மேட்டிலிருந்து வருகிறவர்களுக்காக நாங்கள் மலையாளத்திலும் எழுதினோம். அதற்கு முன் ஒருவர் வாசலில் நின்று, "பட்டி கடிக்குமோ?" என்று கேட்க, புதுப்பையன், "எந்தப் பட்டிண்ணே, நாராயணத்தேவன்பட்டியா?" என்றான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

2. ஊசி, அட்டை

வெறிநாய்க்கடி தடுப்பூசி 3 மாதக் குட்டியில் தொடங்கி, பிறகு ஆண்டுதோறும். முதல் ஊசி போட்டதும் கூட்டிப்போகாதீர்கள், எதிர்ப்புச் சக்தி வர 4 வாரமாவது விடுங்கள். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தவறக்கூடாது. ஊசி போட்ட அட்டையை ஆபீஸிலேயே வையுங்கள். யாருக்காவது பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று விடாமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.

3. சாக்கு

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஒரு கோணிச்சாக்கை மடித்து வீட்டில் போடுங்கள். வேகவைத்த கோழித் துண்டை அதன் மேல் எறியுங்கள். நாலு காலும் சாக்கில் பட்டதும் "சாக்கு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். படுத்தால் இன்னொரு துண்டு. பிறகு ஓரடி விலகி, உடனே திரும்பி வந்து கொடுங்கள். மறுநாள் இரண்டடி. தீனியை எப்போதும் நீங்கள் சாக்குக்குக் கொண்டுபோய்த்தான் தர வேண்டும். நாயைக் கூப்பிட்டுக் கொடுத்தால் எழுந்து வருவதற்குத்தான் கூலி கொடுத்ததாகும். நான் முதல் வாரம் முழுக்க அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

அப்புறம் கதவைத் தட்டச் சொல்லுங்கள், தட்டுச் சத்தம் கேட்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இத்தனைக்கும் 20 நிமிடம் எழாமல் படுத்திருந்தால் நாய் தயார். செவலைக்கு 3 வாரம் ஆனது. ஆபீஸுக்கு அதே சாக்கையே கொண்டுபோங்கள், துவைக்காமல். அந்த வாசனைதான் அதற்கு வீடு.

4. தரையைப் பாருங்கள்

ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட், சார்ஜர் ஒயர், சாக்லேட் எல்லாம் மேலே போகட்டும். கம்பத்துக்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது திராட்சை. நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஆனால் திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும். ஒரு தோட்டக்காரர் அன்போடு கொண்டுவந்து கீழே வைத்த பெட்டியில் ஒரு கொத்தைச் செவலை காலிசெய்துவிட்டது. அப்போதே டாக்டரிடம் ஓடி, வாந்தி எடுக்க வைத்து, 2 நாள் டிரிப்ஸ் ஏற்றியதால் பிழைத்தது. நீங்களாக வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அதுவே ஆபத்து. திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். புளியிலும் அதே அமிலம் இருக்கிறது. ஆகவே டிபன் பாக்ஸில் மிஞ்சிய புளிசாதமும் வேண்டாம்.

5. வழி

மத்தியான வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். புறங்கையைத் தார் ரோட்டில் 5 வினாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு வேலைக்குப் போகிறவர்கள் 3 மணி நேரத்துக்கு முன்பே தீனியை முடித்துவிடுங்கள், கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும். மலையில் கார் கண்ணாடியை இறக்கவே இறக்காதீர்கள். குரங்கைப் பார்த்தால் எந்தப் பயிற்சியும் நிற்காது.

6. முதல் நாள்

ஒரு மணி நேரம் போதும். உள்ளே நுழையுமுன் வெளியே மூத்திரம் போகவிடுங்கள். சாக்கை மூலையில் போட்டு, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் தடவ வேண்டாம். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டால், தீனி இல்லாமலே உதட்டை நக்கினால், காதைப் பின்னால் மடித்தால் அதற்குப் போதும் என்று அர்த்தம். குரைக்கும்வரை காத்திருக்காதீர்கள், மணி பத்தரைதான் ஆனாலும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள்.