சில்லோர் முற்றுரிமைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சந்தையைச் சில நிறுவனங்களே பிடித்திருப்பதுதான் சில்லோர் முற்றுரிமை. அதில் ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு தயாரிப்பது என்பதை ஒரே நேரத்தில் முடிவு செய்வதாக வைத்துப் போடுவது கூர்நோ கணக்கு. இதில் மாணவர்களுக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே வரியில்தான். இரண்டு நிறுவனங்களுக்கும் செலவு ஒன்றே என்பதால், உற்பத்தியும் சமம் என்று முதலிலேயே போட்டுவிட்டு அப்புறம் லாபத்தை வகையிடுவார்கள் (differentiate). விலை = 120 − மொத்த உற்பத்தி, அலகுக்குச் செலவு 30 என்று வைத்துக்கொள்வோம். சமத்தை முதலில் போட்டால் ஆளுக்கு 22.5 அலகு, விலை 75 என்று வரும். இருவரும் கைகோத்துக்கொண்டு ஒரே முற்றுரிமையாளர் போல நடந்தால் கிடைக்கும் விடை அது. கேள்வி கேட்டது போட்டியைப் பற்றி. எதிராளியின் உற்பத்தியை மாறாததாக வைத்து வகையிட்டு, சமத்தைக் கடைசியில் போடுங்கள். ஆளுக்கு 30, விலை 60.

சந்தேகமிருந்தால் அங்கேயே சோதித்துவிடலாம். எதிராளி 22.5-இல் நிற்கும்போது நான் 33.75-க்கு ஏறினால், என் லாபம் 1,012.5-இலிருந்து சுமார் 1,139 ஆகிறது. அவருக்கும் இதே சபலம் இருக்கும். ஆளுக்கு 30 என்ற இடத்தில், தனியாக நகர்ந்து யாராலும் லாபத்தைக் கூட்ட முடியாது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஏனோ யாரும் செய்வதில்லை.

அடுத்தது, நிறுவனங்கள் குறைவு என்றாலே விலை அதிகம் என்று எழுதிவிடுவது. கூர்நோ 1838-இல் எழுதியது உற்பத்தி அளவை வைத்து நடக்கும் போட்டி. 1883-இல் பெர்ட்ரான் விலையை வைத்துப் பார்த்தார். பொருளும் செலவும் ஒன்றே, எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றால் இரண்டே நிறுவனங்கள் போதும், நம் கணக்கில் விலை 30-க்கே இறங்கிவிடும். சரி, நிஜச் சந்தையில் ஏன் இப்படி நடப்பதில்லை? உற்பத்தித் திறனுக்கு வரம்பு உண்டு என்பது எட்ஜ்வொர்த் 1897-இல் காட்டிய காரணம். முதலில் திறனைத் தீர்மானித்து, பிறகு விலையில் மோதினால், சில நிபந்தனைகளின் கீழ் கூர்நோ விடையே திரும்பி வரும் என்று கிரெப்ஸும் ஷைன்க்மனும் 1983-இல் நிறுவினார்கள். அதனால் எந்த மாதிரியைப் பிடிப்பது என்று குழம்பும்போது, அந்தத் தொழிலில் விலையை மாற்றுவது சுலபமா, உற்பத்தித் திறனை மாற்றுவது சுலபமா என்று பாருங்கள். புதிய ஆலை கட்ட ஆண்டுக்கணக்காகும் தொழிலுக்குப் பெரும்பாலும் கூர்நோதான் பொருந்துவார்.

ஸ்டாக்கல்பெர்க் மாதிரியில் ஒரு நிறுவனம் (முன்னோடி) முதலில் உற்பத்தியைத் தீர்மானிக்கும், மற்றது அதைப் பார்த்துப் பின்தொடரும். முன்னோடி என்றதும் பெரிய நிறுவனம் என்று நினைப்பதும் உண்டு. அளவு இங்கே பொருட்டே இல்லை. முன்னோடி 45, பின்தொடர்பவர் 22.5 என்ற விடை நிற்பது, 45-ஐ இனி மாற்ற முடியாது என்று எதிராளி நம்புவதால்தான். மாற்ற முடியுமென்றால், 22.5-ஐப் பார்த்ததும் முன்னோடியே 33.75-க்கு இறங்கிவிடுவார். அது தெரிந்த எதிராளி முதலிலேயே அடங்கிப் போகமாட்டார்.

முறிந்த தேவைக் கோட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. நான் விலையைக் குறைத்தால் எதிராளிகளும் குறைப்பார்கள், ஏற்றினால் ஏற்றமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், என் தேவைக் கோடு இப்போதைய விலையில் முறிந்து நிற்கும். 1939-இல் ஸ்வீஸி முன்வைத்த அந்தப் படம், விலை ஏன் நகராமல் நிற்கிறது என்பதைச் சொல்லும். அந்த விலைக்கு முதலில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு அதில் விடை தேடாதீர்கள்.