நிரலை நிறுத்தும் போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல் கேள்வி

தொலைவிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவி வழியாக வினவும் ஸ்கிரிப்ட், ஆளில்லா நேரத்திலும் கடவுச்சொல் கேட்டு நிற்குமானால், முதலில் கட்டளையுடன் சிறிய எழுத்து ‘டபிள்யூ’ விருப்பத்தைச் சேருங்கள். அப்போது அது காத்திராமல் பிழைச்செய்தியுடன் உடனே முடிந்துவிடும்.

அடுத்து, ஹோம் கோப்புறையில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும், புள்ளியுடன் தொடங்கும் ‘பிஜிபாஸ்’ கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல் ஆகிய ஐந்தும் இதே வரிசையில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கடவுச்சொல்லுக்குள்ளேயே முக்காற்புள்ளி வந்தால், அதன் முன் பின்சாய்கோடு இட வேண்டும். லினக்ஸில் குழுவினரோ பிறரோ படிக்கக்கூடிய நிலையில் இக்கோப்பு இருந்தால் அது முழுவதுமாகப் புறக்கணிக்கப்படும் என்பதால், அனுமதியை 0600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) என மாற்றுங்கள்.

எளிதில் கண்ணுக்குத் தப்புவது ஹோஸ்ட் பெயர்தான்: நிரலில் ஐபி முகவரியும் கோப்பில் பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே சர்வரைக் குறித்தாலும் அவ்வரி பொருந்தாது. பொருந்தும் முதல் வரியே எடுத்துக்கொள்ளப்படுவதால், எந்த மதிப்புக்கும் பொருந்தும் நட்சத்திரக்குறி உள்ள பொதுவான வரிகளைக் கடைசியில் வையுங்கள்.

கையால் இயக்கும்போது சரியாக ஓடி, குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரான் வழியாக மட்டும் தடைபட்டால், அது வேறு பயனரின் பெயரில் இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பயனரின் ஹோம் கோப்புறையிலும் இக்கோப்பு இருக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சூழல் மாறியில் வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சில இயங்குதளங்களில் மற்றப் பயனர்களும் அதைப் பார்க்க முடியும்.