திராட்சைத் தோட்டத்தில் தங்கும் விடுதியா? பெயர், லோகோ, படம்: எங்கே சறுக்குகிறார்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்து, அதற்குள்ளேயே நாலைந்து அறை கட்டி விருந்தினர்களைத் தங்கவைக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல யோசனைதான். திண்டுக்கல்–குமுளி சாலையில் தேக்கடிக்குப் போகிற கார்கள் வந்தபடியே இருக்கும், சுருளி அருவி கிட்டத்தில் இருக்கிறது, கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் வேறு. ஆனால் அறைக்கு டைல்ஸ் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, பெயரையும் லோகோவையும் யாரோ ஒரு பையனிடம் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டிவிடுகிறார்கள். பிராண்ட் என்பது லோகோவோடு முடிவதில்லை. இங்கே வந்தால் என்ன பார்ப்போம், என்ன சாப்பிடுவோம் என்று கிளம்புகிறவர் மனதில் நாம் ஏற்றிவிடுகிற எதிர்பார்ப்பு அது. தோட்டம் ஒன்றாகவும் எதிர்பார்ப்பு வேறாகவும் இருந்தால் வந்தவர் முகம் வாசலிலேயே வாடிவிடும்.

இதில் பெரிய தவறு, இத்தாலியைக் கடன் வாங்குவது. சரிவான குன்று, வரிசை வரிசையாக இடுப்பளவுக் கொடி, நடுவில் ஒரு கல்வீடு என்று இணையத்தில் கிடைக்கிற படத்தை எடுத்து விளம்பரத்தில் போடுகிறார்கள். கம்பம் தோட்டம் அப்படியா இருக்கிறது? இங்கே கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேலே படரவிட்ட பந்தல். உள்ளே நுழைந்தால் உச்சி வெயிலிலும் நிழல், அண்ணாந்து பார்த்தால் கொத்துக் கொத்தாகக் கறுத்த பழம், பந்தல் முடிகிற இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பழத்தைத் தொட்டுக் காட்டுகிற வசதி அந்த இத்தாலியப் படத்தில் கிடையாது. இவ்வளவு நல்ல விஷயத்தை மறைத்துவிட்டு ஊரான் தோட்டத்தைக் காட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள், பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து மேல்நோக்கிப் படம் எடுங்கள். பழத்தின் மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று இருக்கும், பழம் உருவாக்குகிற மெழுகு அது, அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். துடைத்த பழம் கடைப்பழம் மாதிரி தெரியும்.

நாசிக்கில் சுலா என்கிற ஒயின் நிறுவனம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். ராஜீவ் சமந்த் 1999-ல் தொடங்கியது, பெயர் அவருடைய அம்மா சுலபாவின் பெயரிலிருந்து வந்தது, சின்னம் மீசை வைத்த சூரியன். ஐரோப்பியப் பெயர் வைத்திருந்தால் அது இன்னொரு போலியாகப் போயிருக்கும். இதைப் படித்துவிட்டு நீங்களும் ஒரு சூரியனைப் போட்டுவிடாதீர்கள், அதுவும் கடன்தான்.

அடுத்தது, ‘வருஷம் முழுக்கப் பழம் பறிக்கலாம்’ என்று எழுதிவிடுவது. இதில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள், ஏனென்றால் இது பாதி உண்மை. பள்ளத்தாக்கை மொத்தமாக எடுத்துக்கொண்டால் எந்த மாதத்திலும் எங்காவது அறுவடை நடக்கும், காரணம் ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுகிற வேலை, வெவ்வேறு நேரத்தில் நடக்கிறது. உங்கள் ஒரு தோட்டத்தில் அப்படி இல்லை. கவாத்து பண்ணியதிலிருந்து பழம் கைக்கு வர ஏறக்குறைய நாலு மாதம். கவாத்து முடிந்த வாரத்தில் சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கினால் அவர்கள் பார்க்கப்போவது கம்பியில் கட்டிய மொட்டைக் குச்சிகளைத்தான். அப்புறம் கூகுளில் ஒரு நட்சத்திரம் விழுந்தால் யாரைக் குறை சொல்வது? இடம் இருந்தால் தோட்டத்தை மூன்று நான்கு பாகமாகப் பிரித்துக் கவாத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் பதிவு செய்கிற பக்கத்திலேயே இந்த மாதம் துளிரா, பூவா, காயா, பழமா என்று சொல்லிவிடுங்கள். இந்த நாலு நிலையையும் நாலு சின்னப் படங்களாக வரைந்து, அட்டையிலும் அறைக் கதவிலும் வைத்தால் அதுவே உங்கள் அடையாளம் ஆகிவிடும். துளிர் நேரத்தில் வருகிறவருக்கும் பார்க்க ஒரு விஷயம் இருக்கும்.

லோகோவில் ஒயின் கிளாஸ் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் உங்கள் விடுதியில் ஒயின் ஊற்றிக் கொடுக்க முடியாது. கிளாஸ் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான், நீங்கள் முதலில் சொல்வது ‘இல்லை’ என்பதாக இருக்கும். பழச்சாறு, ஜாம், உலர்திராட்சை என்று எது உங்கள் கையில் இருக்கிறதோ அதைக் காட்டுங்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அந்த வட்டார விவசாயிகள் எல்லோருக்குமானது, அதை உங்கள் சொந்த வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிய முடியாது. பழப்பெட்டியில் அந்தக் குறியீட்டைப் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் விடுதிக்குத் தனிப்பெயர் ஒன்று தேவை. பாட்டி பெயரோ, கிணற்றின் பெயரோ, தோட்டத்தை ஊரில் கூப்பிடுகிற பெயரோ, ஏதாவது உங்களுக்கு மட்டும் சொந்தமானது. ‘கம்பம் வேலி ரிசார்ட்’ மாதிரி ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வைத்தால் பதிவும் கஷ்டம், தேடினால் பத்து பெயர்களுக்கு நடுவில் நீங்களும் ஒன்று. வணிகக்குறிப் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: தங்கும் விடுதி 43-ஆம் வகுப்பு, புதுப்பழம் 31, பழச்சாறு 32. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், பதிவு 10 வருஷம் செல்லும். போர்டு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது, பின்னால் இல்லை.

பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நல்ல கதை, வரவேற்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆனால் போன வருஷம் கட்டிய விடுதியின் லோகோவுக்குக் கீழே ‘1832 முதல்’ என்று போடுவது பொய். அதே மாதிரிதான் ‘முழுக்க இயற்கை விவசாயம்’ என்று எழுதுவதும். மழை நேரத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தால் மருந்து அடிக்கிறவர் அடிக்கத்தான் செய்வார், விருந்தினர் ஜன்னல் வழியாகப் பார்க்கத்தான் செய்வார். சான்றிதழ் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எப்போது மருந்து அடித்தோம், எத்தனை நாள் கழித்துப் பறிக்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற தோட்டத்தைத்தான் நான் நம்புவேன்.

லோகோ கைக்கு வந்ததும் கணினித் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தின் சின்ன வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். பழ அட்டைப்பெட்டியில் ஒரே நிறத்தில் அச்சடித்துப் பாருங்கள். துண்டில் தைத்துப் பாருங்கள். மயிரிழை எழுத்தெல்லாம் அங்கே காணாமல் போகும். திராட்சை ஊதா திரையில் அழகாக இருக்கும், ஃப்ளெக்ஸில் நீலமாக இறங்கிவிடும், அதனால் மாதிரி அச்சு ஒன்று எடுக்காமல் முழுப் போர்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலைப் போர்டில் பெயர், அம்புக்குறி, தூரம் மூன்றும் போதும். தமிழ் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், வழி கேட்டால் சொல்லப்போவது டீக்கடைக்காரர்தான்.

அப்புறம், தொலைபேசி. போர்டில் வீட்டுப்பெயரும் பந்தல் படமும் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் ‘டியர் கஸ்டமர், யுவர் ரெக்வஸ்ட் ஹேஸ் பீன் ரிசீவ்ட்’ என்று தானியங்கிப் பதில் போனால் எல்லாம் வீண். ‘வாங்க, இந்த வாரம் பூ பூத்திருக்கு, பழம் அடுத்த மாசம்தான் கிடைக்கும், பரவாயில்லையா?’ என்று பதில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் போனைக் கொடுங்கள்.