கேமிங் கேபினட்டும் நாற்காலியும்: டேப் வைத்து அளந்து வாங்குவது எப்படி

கேமிங் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கேபினட்டை மட்டும் சென்னை ரிச்சி தெருவில் கடை வாசலில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நாற்காலிக்கு அந்த ஐந்து நிமிடமும் கிடையாது, நிறம் பிடித்திருந்தால் போதும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கார்டு இரண்டு மி.மீ. இடிக்கும், கால் தரையில் படாமல் தொங்கும். இரண்டிலும் நடப்பது ஒரே தப்பு: உள்ளே வைக்கப்போவதை அளக்காமல் வெளியே தெரிவதைப் பார்த்து வாங்குவது. கேபினட்டுக்குள் போவது பாகங்கள், நாற்காலிக்குள் போவது உடம்பு.

ஒரு ஸ்டீல் டேப், ஒரு தாள், வாங்கப்போகும் பாகங்களின் முழு மாடல் பெயர்கள். இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

படி 1: பாகங்களின் நான்கு அளவுகளை எழுதுங்கள்

முதலில் மதர்போர்டு. ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினட்டில் சிறிய போர்டு உட்காரும், சிறிய கேபினட்டில் பெரிய போர்டு உட்காராது. முதல்முறை கட்டுகிறவர்களுக்கு மிட் டவர் எனப்படும் நடுத்தர அளவு கேபினட்தான் நல்லது. மினி ஐடிஎக்ஸ் பார்க்க அழகு, ஆனால் கை நுழைய இடமிருக்காது. கம்பி ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் செருகுவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டிவரும்.

இரண்டாவது, கிராஃபிக்ஸ் கார்டின் நீளம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே சிப்புக்கு வேறு வேறு நீளத்தில் கார்டுகள் வருகின்றன. என்விடியா நிறுவனத்தின் சொந்தக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4070 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 244 மி.மீ.தான், அதே சிப்பை வைத்து மற்ற நிறுவனங்கள் செய்யும் மூன்று ஃபேன் கார்டுகள் 300 மி.மீ.-ஐத் தொடும். ஆகவே "4070 வாங்குகிறேன், உள்ளே போகுமா?" என்று கேட்பதில் பயனில்லை. மாடலின் பெயரோடு நீளத்தைத் தேடுங்கள். கார்டு எத்தனை ஸ்லாட் (கேபினட்டின் பின்பக்கத்தில் கார்டுக்கான பிளவு) தடிமன் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபினட் பெட்டியில் "கார்டு 330 மி.மீ. வரை" என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அது முன்பக்க ஃபேன்களை மாட்டிய பிறகு மிஞ்சும் நீளமா, மாட்டாத நிலையில் உள்ள நீளமா என்று பாருங்கள். சாதாரண ஃபேனின் தடிமன் 25 மி.மீ. பிராசசரைத் திரவத்தால் குளிர்விக்கும் வாட்டர் கூலரின் ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் அது இன்னும் 27 மி.மீ. தின்னும். கணக்கு இப்படி வரும்: வெற்று நிலையில் 330, ஃபேனுக்கு 25 போனால் 305, ரேடியேட்டருக்கு 27 போனால் 278. அதாவது 330 என்று விற்கும் கேபினட்டில் 300 மி.மீ. கார்டையும் முன்பக்க ரேடியேட்டரையும் சேர்த்து மாட்ட முடியாமல் போகலாம். கணக்கில் வந்த எண்ணைவிடக் கார்டு 15 மி.மீ.-ஆவது குறைவாக இருந்தால்தான் சாய்த்து உள்ளே நுழைக்க இடம் கிடைக்கும்.

மூன்றாவது, பிராசசர் கூலரின் உயரம். நடுத்தர விலை டவர் கூலர்கள் 155 முதல் 160 மி.மீ. வரை இருக்கும், நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற இரட்டை டவர் 165. கேபினட்டின் எல்லை 160 என்றும் கூலர் 159 என்றும் இருந்தால் தாளில் சரியாகத் தெரியும், கேபினட்டின் பக்கக் கண்ணாடியைப் பூட்டும்போது உரசும். ஐந்து மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நான்காவது எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அகலமும் உயரமும் எல்லா ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் 150 × 86 மி.மீ.தான். நீளம் மட்டும் 140-இலிருந்து 180 வரை மாறும். கீழறையில் ஹார்ட் டிஸ்க் கூடு இருந்தால், மாடுலர் (கழற்றி மாட்டும்) கம்பிகளின் முனை அந்தக் கூட்டில் இடிக்கும். கூட்டைக் கழற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து மலிவாக விற்கும் கேபினட் கேமிங்குக்கு வேண்டவே வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக, தெரிந்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 2: காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கேபினட்டின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெஷ் (துளைகளுள்ள வலை) இருந்தால் நல்லது. முழுக் கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ இருந்தால், ஓரத்தில் உள்ள சந்து வழியாகத்தான் மூன்று ஃபேனும் மூச்சுவிட வேண்டும். அப்படிப்பட்ட கேபினட்டில் எத்தனை ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன் மாட்டினாலும் வெளிச்சம்தான் வரும், காற்று வராது.

மீன்தொட்டி என்று செல்லமாகச் சொல்லப்படும் இரண்டு பக்கக் கண்ணாடி கேபினட்கள் வேறு வகை. 2018-இல் வந்த லியான் லி ஓ11 டைனமிக் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. இவற்றில் காற்று பக்கவாட்டிலும் அடியிலும் இருந்து வரும், ஆகவே குறை சொல்ல முடியாது. ஆனால் பல மாடல்களில் ஃபேன் ஒன்றுகூட வராது. ஐந்தாறு ஃபேன்களின் விலையைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாதாரண மிட் டவருக்கு முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள: பெரும்பாலான கேமிங் செட்டுக்கு இது போதும். மேலே ஃபேன் மாட்டுவதானால் பின்மூலையில் மாட்டுங்கள். மேல் முன்மூலையில் மாட்டினால், முன்பக்கம் உள்ளே வந்த குளிர்காற்று கூலரை அடையும் முன்பே வெளியே போய்விடும்.

ஃபேனின் திசையைக் கண்டுபிடிப்பது சுலபம். நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரிகிற பக்கம் காற்று வெளியேறும் பக்கம். மூன்றையும் உள்ளே இழுக்கும்படி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் சுடுகிறது என்று பிராசசரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். குறைவாக இருந்தால் ஃபில்டர் இல்லாத சந்துகள் வழியாகக் காற்றோடு தூசியும் நுழையும். ஃபில்டர் காந்தத்தில் ஒட்டி, கையால் இழுத்தால் வருவதாக இருக்க வேண்டும். ஸ்க்ரூ கழற்றினால்தான் வரும் என்றால் யாரும் கழுவ மாட்டார்கள். பின்பக்கம் உபயோகிக்காத ஸ்லாட்டின் தகடு விழுந்துவிட்டால் உடனே மூடுங்கள். நம் ஊரில் அந்த ஓட்டை பல்லிக்கும் எறும்புக்கும் வாசல். மதர்போர்டில் சிக்கிச் செத்த பல்லி ஷார்ட் செய்துவிடும்.

படி 3: முள்களையும் ஸ்டாண்ட்-ஆஃபையும் சரிபாருங்கள்

கேபினட்டின் முன்பக்கம் டைப்-சி போர்ட் இருந்தால், மதர்போர்டிலும் அதற்கென்று தனிச் சிறிய சாக்கெட் வேண்டும். இல்லையென்றால் அந்த ஓட்டை வெறும் அலங்காரம். யூஎஸ்பி 3-இன் அகலமான 19 முள் கம்பியை நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் போர்டில் உள்ள முள் மடங்கும்.

விளக்கு கம்பிகளில் இரண்டு வகை. ஏஆர்ஜிபி மூன்று முள், 5 வோல்ட். பழைய ஆர்ஜிபி நான்கு முள், 12 வோல்ட். 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட் சாக்கெட்டில் வற்புறுத்தி ஏற்றினால் விளக்குகள் கருகிவிடும். போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்காமல் செருகாதீர்கள்.

போர்டை உள்ளே வைக்கும் முன், அதன் ஓட்டைகளும் கேபினட்டில் போர்டைத் தூக்கிப் பிடிக்கும் பித்தளைக் குமிழ்களான ஸ்டாண்ட்-ஆஃப்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று எண்ணுங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஸ்டாண்ட்-ஆஃப் நின்றால், அடிப்பக்கச் சாலிடரைத் தொட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு தனியாக வரும் போர்டாக இருந்தால், அதை முதலில் பொருத்துங்கள். மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

படி 4: கண்ணாடி, தரை, எர்த்

பக்கக் கண்ணாடியைக் கழற்றியதும் தயவுசெய்து டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் முகப்பு உறுதியானது, விளிம்பு அப்படியல்ல. டைல்ஸின் கடினமான மேற்பரப்பில் மூலை லேசாக இடித்தாலும் முழுக் கண்ணாடியும் கல்கண்டு போல நொறுங்கும். கட்டிலின் மேல் படுக்க வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கேபினட்டைத் தரையில் வைப்பதானால் நான்கைந்து செ.மீ. உயரத்தில் ஒரு ஸ்டாண்டு கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் அடியிலிருந்து காற்றை இழுக்கும்; வீடு துடைக்கும் ஈரமும் அதே வழியாகத்தான் ஏறும். பின்புறம் சுவரிலிருந்து பத்து செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

கேபினட்டின் உலோகத்தைத் தொடும்போது விரலில் சுர்ரென்று இழுத்தால், அது எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே உள்ள ஃபில்டர் சிறிய கசிவு மின்சாரத்தை உலோக உடலுக்கு அனுப்பும்; அதை எர்த் கம்பிதான் கொண்டுபோக வேண்டும். இரண்டு முள் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். மூன்று முள் பிளக்கில் செருகியும் இழுத்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள், கேபினட் கடைக்காரரை அல்ல.

படி 5: இப்போது உங்களை அளந்துகொள்ளுங்கள்

செருப்பில்லாமல், கெட்டியான மர நாற்காலியில் முழங்கால் நேர்கோணத்தில் மடங்கும்படி உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால், அதுதான் உங்களுக்கு வேண்டிய இருக்கை உயரம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இது பெரும்பாலும் 40 முதல் 43 செ.மீ. வரும். கேமிங் நாற்காலிகள் பலவற்றில் மிகக் கீழே இறக்கினாலும் 45-க்கு மேல்தான் நிற்கும். அவற்றை வடிவமைப்பவர்கள் காலில் ஷூ போட்டவரை நினைத்துக்கொள்கிறார்கள். நாம் வீட்டில் வெறுங்கால், அங்கேயே இரண்டு மூன்று செ.மீ. குறைந்துவிடுகிறது. ஆகவே பெட்டியில் உள்ள "அதிகபட்ச உயரம்" நமக்கு முக்கியமில்லை, குறைந்தபட்ச உயரத்தைப் பாருங்கள்.

அடுத்து மேசை. நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை 42, அதிலிருந்து முழங்கை 22 என்றால் மொத்தம் 64 செ.மீ. மேசையோ வழக்கமாக 75. பதினொரு செ.மீ. வித்தியாசத்தைத் தோள்தான் தூக்கிச் சுமக்கும். இரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு கழுத்து வலிப்பது இதனால்தான். மேசைக் காலை அறுக்க முடியாதென்றால், நாற்காலியைப் பத்து செ.மீ. ஏற்றி, காலுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுங்கள். வீட்டில் பழைய மணை கிடந்தால் அதுவே போதும்.

மூன்றாவது, இருக்கையின் ஆழம். முதுகு முழுக்கச் சாய்ந்திருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையில் மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க நீங்களே முன்னால் நகர்ந்து கூன் விழுந்து உட்காருவீர்கள்.

படி 6: வடிவமும் துணியும்

கேமிங் நாற்காலியின் இரு பக்கமும் புடைத்திருக்கும் மேடு பந்தயக் காரிலிருந்து வந்தது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் சரியாமல் இருக்க அது தேவை. உங்கள் அறையில் வளைவு இல்லை. அந்த மேடு தொடையைப் பிடிக்கும், சம்மணம் போட்டு உட்காரவே விடாது. சம்மணம் போடும் பழக்கம் உள்ளவர்கள் தட்டையான, அகலமான இருக்கையையே தேடுங்கள். அளவைப் படிக்கும்போது மொத்த அகலத்தை விட்டுவிட்டு, இரு மேடுகளுக்கும் இடையிலுள்ள அகலத்தைக் கேளுங்கள்.

பியூ லெதர் எனப்படும் செயற்கைத் தோல் கடையில் பளபளக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அதன் பாலியூரித்தேன் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர் என்றால் தலையணைப் பகுதி முதலில் போகும். மேலே ஒரு துண்டைப் போட்டுவையுங்கள். ஏசி இல்லாத அறைக்கு மெஷ் முதுகுதான் எங்கள் தேர்வு. கேமிங் என்ற பெயர் இல்லாத நல்ல ஆபீஸ் மெஷ் நாற்காலி, அதே விலைக்குப் பெரும்பாலும் நன்றாக உழைக்கும். துணி இரண்டுக்கும் நடுவில்: காற்றுப் போகும், ஆனால் காபி கொட்டினால் கறை நிற்கும்.

படி 7: அடிப்பாகம்

இருக்கையைத் தாங்கும் கேஸ் சிலிண்டரில் கிளாஸ் 4 என்ற உறுதித் தரம் போட்டிருக்கிறதா பாருங்கள். எடை தாங்கும் அளவு உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்க வேண்டும். பிஃப்மா (அமெரிக்க அலுவலக மரச்சாமான் உற்பத்தியாளர் சங்கம்) தரச் சோதனையில் தேறியது என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது.

கைப்பிடி நான்கு திசையில் நகர்ந்தாலும் இரண்டு திசையில் நகர்ந்தாலும், உயரம் கட்டாயம் மாற வேண்டும். மேசையின் விளிம்போடு சமமாக வரும்படி வைத்தால்தான் மவுஸ் பிடிக்கும் கைக்கு ஓய்வு.

சக்கரம் சின்ன விஷயம் போலத் தோன்றும். கெட்டியான நைலான் சக்கரம் டைல்ஸில் கடகடவென்று ஓடும், தரையில் கோடும் போடும். மேலே மென்மையான பூச்சுள்ள சக்கரம் வேண்டும். பெரும்பாலான நாற்காலிகளின் சக்கரத் தண்டு 11 மி.மீ. விட்டம்தான், ஆகவே தனியாக வாங்கியும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 8: நாற்காலியைப் பூட்டும்போது

ஐந்து சக்கரங்களையும் அடிக்கட்டையில் அழுத்தி ஏற்றுங்கள். சிலிண்டரை நடு ஓட்டையில் சும்மா வைத்தால் போதும், ஸ்க்ரூ கிடையாது. நீங்கள் உட்காரும் எடையில் அதுவே இறுகிக்கொள்ளும். சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே அழுத்தப்பட்ட வாயு இருக்கிறது.

முதுகுப் பகுதியை மாட்டி முடிக்கும் வரை சாய்க்கும் கைப்பிடியை இழுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், முதுகின் எடை இல்லாதபோது தகட்டை வேகமாகத் தெறிக்கவிட்டு விரலை நசுக்கிவிடும். நாற்காலி பூட்டுவதில் மிகவும் கவனிக்க வேண்டிய ஆபத்து இதுதான்.

முதுகின் நான்கு ஸ்க்ரூக்களையும் முதலில் பாதி வரை மட்டும் ஏற்றுங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டால் எதிர்ப்பக்க ஓட்டை விலகி மரை அழிந்துவிடும். நான்கும் பிடித்த பிறகு குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இடுப்புத் தலையணையை பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள், அதற்கு மேலே போனால் நெஞ்சை முன்னால் தள்ளும். இரண்டு வாரம் கழித்து அதே எல் வடிவச் சாவியால் எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்குங்கள். புது நாற்காலியில் கேட்கும் கிறீச் சத்தம் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.