போர் ஓவியத்துக்கு நகல் கேட்கும்போது நேரும் தவறுகள்

புகழ்பெற்ற போர் ஓவியம் ஒன்றைக் கையால் வரைந்து தரச் சொல்லி வாங்குபவர்களில் பலர், வந்து சேர்ந்த கேன்வாஸைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். பழி ஓவியர் மேல் விழுகிறது. ஆனால் மூல ஓவியம் எவ்வளவு பெரியது, அதன் வண்ணம் இன்று எப்படி இருக்கிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுத்த அன்றே பாதி கெட்டுவிடுகிறது.

முதல் தவறு, அளவு. போர் ஓவியங்கள் பெரும்பாலும் அரண்மனைச் சுவர்களுக்கும் பொதுக் கூடங்களுக்கும் தீட்டப்பட்டவை. அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் காட்சியை 1851இல் இமானுவேல் லாய்ட்சே வரைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியம் சுமார் 379 செ.மீ. உயரமும் 648 செ.மீ. அகலமும் கொண்டது. அதை வரவேற்பறைக்காக 90 செ.மீ. அகலத்துக்குக் குறைத்தால் எல்லாம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். இயல்பான அளவிலுள்ள முகம் மூன்று செ.மீ. ஆகிவிடும். அந்த அளவில் துடுப்புப் போடுபவரின் களைப்பையோ குளிரையோ எந்தத் தூரிகையாலும் காட்ட முடியாது.

மூலமே சிறியதாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் 1529இல் வரைந்த, அலெக்சாந்தர் பாரசீகரை வென்ற இஸஸ் போரைக் காட்டும் ஓவியம் மியூனிக்கில் இருக்கிறது. ஏறத்தாழ 158க்கு 120 செ.மீ. அளவுள்ள மரப்பலகையில் ஒரு பெரும் படையே நெருக்கியடித்து நிற்கிறது. அதைப் பாதியாகக் குறைத்தால் வீரர்கள் வெறும் புள்ளிகளாவார்கள். இடம் இல்லையென்றால் முழு ஓவியத்தைக் கேட்காதீர்கள். பிடித்த ஒரு பகுதியை மட்டும் மூலத்தின் அளவுக்கு நெருக்கமாக வரையச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு அதுவே எப்போதும் சிறந்த தேர்வு. பேரம் முடியும் முன் ஒரே ஒரு முகத்தை அந்த அளவில் வரைந்து காட்டச் சொல்வதும் நல்லது.

அடுத்தது வண்ணம். இணையத்தில் முதலில் கிடைத்த படத்தை ஓவியருக்கு அனுப்பிவிடுகிறோம். 1830 ஜூலையில் பாரிஸ் தெருக்களில் நடந்த சண்டையைக் காட்டும், பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் ஓவியம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கொடி ஏந்தி முன்னே வரும் பெண் அதன் நடுநாயகம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் அதன் மேல் படிந்திருந்த பழுப்பேறிய வார்னிஷ் அடுக்குகளை நீக்கி 2024இல் மீண்டும் காட்சிக்கு வைத்தது. ஒரே மஞ்சளாகத் தெரிந்த அவள் ஆடை, பொன்மஞ்சள் தீற்றல்கள் கொண்ட வெளிர் சாம்பல் என்று அப்போது தெரிந்தது. இன்னும் ஏராளமான தளங்களில் பழைய படமே உலவுகிறது. அதைப் பார்த்து வரைந்தால் கிடைப்பது அழுக்கின் நகல்தான். ஓவியம் இருக்கும் அருங்காட்சியகமே வெளியிட்ட அண்மைப் படத்தைத் தேடுங்கள்.

நமக்கு நெருக்கமான ஒன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த போர். திப்பு அதை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். பல்லக்கில் காயத்துடன் பெய்லி, சதுரமாக அணிவகுத்து நிற்கும் பிரிட்டிஷ் சிப்பாய்கள், அவர்கள் நடுவே வெடிக்கும் வெடிமருந்து வண்டி என்று சுவர் முழுக்கப் போர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லி காலத்திலும், பின்னர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்திலும் அது புதுப்பிக்கப்பட்டது. ஆகவே இன்று நாம் காண்பதிலேயே பிற்காலக் கைகள் கலந்திருக்கின்றன. இதே காட்சியைப் பத்துத் தாள்களில் சுமார் 32 அடி நீளத்துக்குத் தீட்டிய ஓவியம் ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விற்றது. சுவரைப் பார்த்து வரைவதா, தாளைப் பார்த்து வரைவதா என்று ஓவியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இன்னொரு தவறும் நடக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் பழகிய ஓவியர், தட்டையாக வரிசை வரிசையாக நிற்கும் அந்தக் குதிரைகளுக்கு நிழலும் ஆழமும் சேர்த்து "உயிரூட்ட" முனைவார். தடுத்துவிடுங்கள். அந்த வரிசைதான் ஓவியத்தின் வேகம்.

வரலாற்றுப் பிழையைத் திருத்தச் சொல்வதும் கூடாது. வாஷிங்டன் ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25 இரவு. படகில் பறக்கும் அமெரிக்கக் கொடியோ 1777 ஜூன் 14 அன்றுதான் ஏற்கப்பட்டது. ஆல்ட்டோர்ஃபர் கி.மு. 333ஆம் ஆண்டுப் போருக்குத் தம் காலத்துக் கவசங்களை மாட்டினார். கொடியை அகற்றிவிட்டால் அது லாய்ட்சேயின் ஓவியமாக இருக்காது.

"கையால் வரைந்தது" என்ற பெயரில் அச்சிட்ட கேன்வாஸ் மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் பூசி விற்பவர்களும் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் குதிரையின் கழுத்தையும் புகையின் சுழலையும் பின்பற்றாமல் தன் போக்கில் ஓடினால் சந்தேகப்படலாம். லென்ஸ் வழியே சீரான மைப்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுதான்.

மூல ஓவியரின் கையொப்பத்தை நகலில் போடச் சொல்லாதீர்கள். லூவ்ரில் அமர்ந்து நகல் எடுப்பவர்களுக்கே அதற்கு அனுமதி இல்லை. அங்கே எடுக்கும் நகலின் அளவும் மூலத்திலிருந்து மாறுபட வேண்டும். பழைய ஓவியங்களுக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் பிக்காசோவின் 'கெர்னிகா' வேண்டும் என்றால் பொறுங்கள். பிக்காசோ 1973இல் இறந்தார்; இந்தியச் சட்டப்படி இறப்புக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

சுருட்டி அனுப்புவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றச் சொல்லுங்கள். மரச்சட்டத்தில் இழுத்து அடிக்க நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. வெற்றுத் துணி வேண்டும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். இறுதி வார்னிஷை ஆறு மாதமாவது கழித்துப் பூசுங்கள்.