ஹீட் வார்னிங் வந்தா உடனே சென்சார மாத்தாதீங்க, மொதல்ல இத பாருங்க

எக்ஸ்கவேட்டர், லோடர், டோசர் எதுவா இருந்தாலும் சரி, கூலன்ட் டெம்பரேச்சர் கோட் வந்துச்சுன்னா பாதிப் பேரு மொத வேலையா சென்சாரத்தான் கழட்டுறாங்க, புதுசு போட்டும் அதே கோட் வந்து நிக்கும், அப்புறம் ஈசிஎம் (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போச்சுன்னு அது மேல பழி. சென்சாரு, வயரு, இல்ல நெஜமாவே இன்ஜின் சூடு, இந்த மூணுல எதுன்னு பிரிச்சுப் பாக்க ஒரு மல்டிமீட்டரும் தொடாமலே சூட அளக்குற ஒரு ஐஆர் கன்னும் போதும்.

மொதல்ல சூடு நெஜமான்னு பாருங்க. தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல ஐஆர் கன் புடிச்சு டிஸ்ப்ளேல காட்டுறதோட ஒத்துப் பாருங்க, பளபளன்னு இருக்கற மெட்டல்ல நேரா புடிச்சா கம்மியா காட்டும், அதனால ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அது மேல புடிங்க. அஞ்சு பத்து டிகிரி வித்தியாசம் சகஜம். கன்னும் சூடுன்னு சொன்னா சென்சார் மேல தப்பில்ல, ரேடியேட்டர்ல புழுதி அடைச்சிருக்கா, பெல்ட் லூசா, கூலன்ட் கம்மியான்னு அந்தப் பக்கம் போங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறந்துடாதீங்க.

கோட்ல எஸ்பிஎன் (எந்த அளவுல பிரச்சனைன்னு சொல்ற நம்பர்) 110னு வந்தா அது கூலன்ட் டெம்பரேச்சர், கூட வர்ற எஃப்எம்ஐ, அதாவது என்ன மாதிரி கோளாறுன்னு சொல்ற நம்பர்தான் விஷயமே. 0 அல்லது 16னா சென்சார் ஒழுங்கா சொல்லுது, இன்ஜின்தான் சூடு. 3னா வோல்டேஜ் அதிகம், பெரும்பாலும் வயர் கட்டாயிருக்கும். 4னா வோல்டேஜ் கம்மி, எங்கயோ எர்த்ல ஷார்ட். 2னா ரீடிங் தாறுமாறா ஆடுது, அனேகமா லூஸ் கனெக்சன்.

இப்ப முக்கியமான டெஸ்ட், இது ரெண்டு வயர் சென்சாருக்கு மட்டும், மூணு வயர் இருக்கற பிரஷர் சென்சார்ல செஞ்சுடாதீங்க. சாவி ஆஃப் பண்ணி கனெக்டர கழட்டுங்க, சாவி ஆன் பண்ணா எஃப்எம்ஐ 3க்கு மாறணும், நெறைய வண்டில ரீடிங் மைனஸ் 40 போகும். திரும்ப ஆஃப் பண்ணி ஹார்னஸ் (வண்டி வயரிங்) பக்க ரெண்டு பின்னையும் சின்ன வயரால சேத்துட்டு ஆன் பண்ணா 4க்கு மாறணும். ரெண்டும் மாறுச்சுன்னா வயரும் ஈசிஎம்மும் நல்லாருக்கு, சென்சார்தான் போச்சு. கழட்டியும் 4 மாறாம அப்படியே நின்னா வயர் எங்கயோ பாடில உரசி ஷார்ட். சேத்தும் 3 மாறாம அப்படியே நின்னா வயர் கட்டு, அப்ப கழட்டுன கனெக்டர்ல மீட்டர் வைங்க, சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் 5 வோல்ட் வந்து, சிக்னலுக்கும் ரிட்டர்ன் (கரன்ட் ஈசிஎம்முக்கு திரும்பிப் போற) பின்னுக்கும் வரலன்னா ரிட்டர்ன் வயர்தான் போயிருக்கு. கூடவே வேற நாலு சென்சார் கோடும் ஒண்ணா வந்திருந்தா சந்தேகமே வேணாம், எல்லாத்துக்கும் பொதுவா ஓடுற ரிட்டர்ன் லைன தேடுங்க.

கோடே வராம ரீடிங் மட்டும் தப்பா இருந்தா காலைல இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவி மட்டும் ஆன் பண்ணி கூலன்ட், ஆயில், இன்டேக் ஏர் மூணையும் பாருங்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டில மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்த சென்சார்ல சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும், பரவலா வர்ற ஒரு வகைல 20 டிகிரில 2500 ஓம் பக்கம், 80ல 300 சொச்சம், 100ல 200க்கும் கீழ. கனெக்டர்ல பச்சை பூத்து (அரிப்பு) ஒரு 100 ஓம் கூடுதலா சேந்துடுச்சுன்னு வைங்க, காலைல 2500ல அது தெரியவே தெரியாது, டெஸ்ட் பாஸ். ஆனா இன்ஜின் நெஜமா 100 டிகிரில இருக்கும்போது டிஸ்ப்ளே 85ன்னு காட்டும், ஆபரேட்டர் நிம்மதியா ஓட்டுவாரு, வார்னிங்கே வராம ஹெட் கேஸ்கெட் போகும். சும்மா சும்மா கத்துற சென்சார விட இப்படி வாயே தொறக்காத சென்சார்தான் ஆபத்து. அதனால சூட்டுலயும் ஒருதடவ ஐஆர் கன்னோட ஒத்துப் பாருங்க, கனெக்டர கழட்டி பின்ல பச்சை, ஈரம், விரிசல் இருக்கான்னு பாருங்க, பிரஷர் வாஷ் பண்ண மறுநாள் கோட் வந்துச்சுன்னா முக்கால்வாசி இதான். மீட்டர் முனைய பின்னுக்குள்ள குத்தாதீங்க, அது விரிஞ்சு இன்னொரு லூஸ் கனெக்சன் ஆயிடும்.

கழட்டுன சென்சார வெந்நீர்ல தெர்மாமீட்டரோட போட்டு, ஆற ஆற ஓம் பாக்கலாம், நடுவுல குதிக்காம சீரா ஏறணும். சரியான அளவு உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதத்தான் நம்பணும்.

பழைய வண்டில டேஷ்போர்டு மீட்டருக்கு ஒத்த வயர் சென்சார்தான், அதுக்கு எர்த்தே த்ரெட் வழியாத்தான், டெஃப்லான் டேப்ப கனமா சுத்தி போட்டா ரீடிங் கெட்டுப்போகும்.

புதுசு போட்டப்புறம் கூலன்ட் ஊத்தி ஏர எடுங்க, சென்சார் முனைல காத்து நின்னா அதுவும் தப்பா காட்டும். கோட அழிச்சுட்டு அரைமணி லோடுல ஓட்டுங்க, சென்சார் கோளாறுல ஃபேன் ஃபுல் ஸ்பீட்லயே ஓடிட்டு இருந்த வண்டின்னா அது நார்மலுக்கு எறங்குதான்னும் பாத்துட்டு சைட்டுக்கு அனுப்புங்க.