ஹார்டுவேர் கடை ஸ்டாக் கணக்கு: சாஃப்ட்வேர் போட்டும் இருப்பு உதைப்பது ஏன்?

பில்லிங் சாஃப்ட்வேர் போட்ட பிறகும் திரையில் காட்டும் இருப்பும் ராக்கில் உள்ள சரக்கும் ஒத்துப்போகாத கடைகள் நிறைய. பிழை பெரும்பாலும் ஐட்டம் மாஸ்டர், அதாவது சாஃப்ட்வேரில் சரக்குகளின் பெயர்ப் பட்டியல், போடும்போதே நுழைந்துவிடுகிறது.

ஒரே சரக்கை ‘எல்போ 1 இஞ்ச்’, ‘1 இஞ்ச் எல்போ’ என்று இரண்டு பெயரில் திறந்தால், கொள்முதல் ஒன்றில் ஏறும், விற்பனை இன்னொன்றில் கழியும். கம்பெனி, பொருள், அளவு என்று பெயர் வரிசையை முடிவு செய்துவிட்டு, புது ஐட்டம் திறக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய சேதம் யூனிட்டில் நடக்கிறது. 24 எண்ணம் அடங்கிய பெட்டி 10 வருகிறது, பெட்டி ரூ.1,200. அதை வெறும் 10 எண்ணம் என்று ஏற்றினால், 24 எண்ணம் விற்றதும் திரை மைனஸ் 14 காட்டும். ராக்கில் இருப்பதோ 216. ரூ.50 ஆக வேண்டிய அடக்கவிலை ரூ.1,200 ஆக நின்று, லாபம் வந்த பில்லும் நஷ்டமாகத் தெரியும். முதல் கொள்முதலுக்கு முன்பே 1 பெட்டி = 24 எண்ணம் என்று மாற்று யூனிட்டைப் பதிந்துவிடுங்கள்.

மைனஸ் இருப்புக்கு வரும் எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று அணைத்துவைப்பது அடுத்த தவறு. சரக்கு இறங்கி, பில் பிறகு வரும் கடைகளில் இருப்பு மைனஸில் போவது சகஜம். பில்லுக்குக் காத்திராமல், இறங்கிய அன்றே சரக்கு வரவுக் குறிப்புப் போடுங்கள். தினமும் கடை திறக்குமுன் 20 ஐட்டம் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் உடனே அட்ஜஸ்ட்மென்ட் போட்டு மூடாதீர்கள். ரிட்டர்ன், உடைசல், யூனிட் மூன்றையும் பார்த்த பிறகே திருத்துங்கள். காரணம் தெரியாமல் திருத்திய கணக்கு அடுத்த மாதமும் அதே இடத்தில் உதைக்கும்.

சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-2பி மாதந்தோறும் 14-ஆம் தேதி வரும். சப்ளையர் ஏற்றாத பில் அதில் இருக்காது; 2022 ஜனவரி முதல் அந்த வரிக்கு உள்ளீட்டு வரவும் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது. கொள்முதல் பதிவோடு ஒப்பிடாமல், வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யாதீர்கள்.

எல்லோரும் அட்மின் பாஸ்வேர்டில் நுழைந்தால் பழைய பில்லை யார் திருத்தினார்கள் என்றே தெரியாது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்று காட்டும் திருத்தப் பதிவு வசதி (ஆடிட் டிரெயில்) கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உங்கள் கடை கம்பெனியாக இல்லாமல் பார்ட்னர்ஷிப் நிறுவனமானாலும் அதைப் போட்டுவையுங்கள்.

பேக்கப் எடுத்த பென்டிரைவை கம்ப்யூட்டரிலேயே சொருகிவைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள்.